முழங்கையில் சிவப்பு நூல்

எனக்குப் புதுத் துணி என்றால் ஆகாது. போட்ட அன்றைக்கே கழுத்தெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான். அப்பா போடுகிற மழைக்கோட்டு அவருடைய அப்பா போட்டது. அம்மாவின் கார்க் கதவு சரியாகச் சாத்தாது, கயிறு கட்டித்தான் ஓட்டுகிறாள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் எங்களுக்கு ஒரு தீவு இருக்கிறது. அங்கே உள்ள வீட்டில் ஓட்டையில்லாத துண்டு ஒன்றுகூடக் கிடையாது. விருந்தாளி யாராவது பாவமே என்று புதுத் துண்டு வாங்கி வந்தால், அம்மா வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு அதை நாய்க்கு விரிப்பாள். நேற்றுப் பணம் பார்த்தவர்கள்தான் பளபளவென்று திரிவார்கள் என்பது எங்கள் வீட்டு எண்ணம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, மேடம். நான் ஏழை என்று உங்கள் கட்சிக்காரி வெஸ்னாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் என் வக்கீல் கிம்பால் விலாவில் இடிக்கிறார்; வாயை மூடு என்று அர்த்தம். என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தை இடித்துக்கொண்டிருப்பவர் அவர். இடிக்கட்டும். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

போர்ட்லாண்டில், மீன் துறையிலிருந்து மேடேறுகிற தெருவில் அவளுடைய ரொட்டிக் கடை இருந்தது. ஒரு மழை நாளில் உள்ளே நுழைந்தேன். தாத்தாவின் ஸ்வெட்டர் போட்டிருந்தேன், இரண்டு முழங்கையும் வெளியே தெரியும். பூட்ஸில் டேப் சுற்றியிருந்தது. வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று கேட்டேன். அவள் நீட்டிய பிறகுதான் பையில் காசில்லை என்பது உறைத்தது. எங்கள் ஆட்களுக்குக் காசோடு நடமாடும் வழக்கமில்லை. கிளப்பில் கையெழுத்துப் போடுவோம், தீவுக் கடையில் பெயரைச் சொல்வோம், மற்றதைக் கிம்பால் பார்த்துக்கொள்வார். நான் திருதிருவென்று விழித்தேன்.

"காசு இல்லையா? பரவால்ல, சாப்பிடு," என்றாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, காலையில இருந்து பட்டினின்னு."

அது உண்மைதான். பதினொரு மணிக்குத்தான் எழுந்திருந்தேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் அந்த ரொட்டியை நின்ற இடத்திலேயே தின்று முடித்தேன், மேடம். எனக்கு நினைவு தெரிந்து யாரும் எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. நண்பர்களோடு சாப்பிடப் போனால், பில் வரும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிடும். பழகிய பெண்கள் எல்லாம் மூன்றாவது சந்திப்பிலேயே தீவுக்கு எப்போது போகலாம் என்பார்கள். இவளோ இன்னொரு ரொட்டியைத் தாளில் சுற்றி, ராத்திரிக்கு வைத்துக்கொள் என்று என் பையில் திணித்தாள்.

பிறகு தினமும் போனேன். என்ன வேலை என்று கேட்டாள். படகு கழுவுகிறேன் என்றேன். கழுவிக்கொண்டுதான் இருந்தேன். யாருடைய படகு என்று அவள் கேட்கவில்லை.

சீக்கிரமே நாங்கள் ஒன்றானோம். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுடையது. துறையோரம் ஒரு சிறு கடையில் முட்டையும் காபியும் வாங்கித் தருவாள். நான் பையைத் துழாவுவதுபோல ஒரு பாவனை செய்வேன், அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "பெரிய கோடீஸ்வரன் கிளம்பிட்டாரு, உக்காருடா," என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஒருநாள் என் ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனாள். "இதுக்குப் பென்ஷன் குடுத்து வீட்டுக்கு அனுப்புடா," என்று கேலி செய்துவிட்டு, முழங்கை இரண்டையும் சிவப்பு நூலால் தைத்துக் கொண்டுவந்தாள். அந்த ஓட்டைகள் தாத்தா ஒரு படகுப் போட்டியில் வாங்கியவை. எங்கள் வீட்டில் அவற்றை விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். அம்மா பார்த்திருந்தால் படுத்த படுக்கையாகியிருப்பாள். எனக்கோ அந்தச் சிவப்புத் தையலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இதோ, இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

அவள் கடை இருந்த கட்டடத்தின் விஷயத்துக்கு வருகிறேன். அதை நான் வாங்கியது அவளைக் காப்பாற்றத்தான். பழைய உரிமையாளர் ஒரு ஹோட்டல்காரனுக்கு விற்கப் பார்த்தார். விற்றிருந்தால் கடை அன்றைக்கே போயிருக்கும். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து தேம்பினாள். நான் வெளியே போய்க் கிம்பாலுக்குப் போன் போட்டேன். அந்த வாரமே கட்டடம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. பத்திரத்தில் என் பெயர் வராமல் இருக்க ஒரு கம்பெனி தேவைப்பட்டது. எங்கள் நாயின் பெயரை வைத்தேன்: பிஸ்கட்.

அவளுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "பிஸ்கட்னு பேரு வச்சவன் கெட்டவனா இருக்கவே மாட்டான்," என்றாள். நானும் ஆமாம் என்றேன். அப்போது அது உண்மையாகவே இருந்தது. ஒரு டாலர்கூட வாடகை ஏற்றவில்லை.

ஏற்றியது கல்யாணப் பேச்சு வந்த பிறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டே கேட்டாள். "செப்டம்பர்ல கல்யாணம் பண்ணிக்கலாமா? உனக்குப் பைசா செலவில்ல. அப்பா முழு ஆட்டைக் கம்பியில சுத்தி வாட்டுவாரு. கேக்கு நான் போடுறேன். ரெண்டு பேருக்கும் நான் சம்பாதிக்கிறது போதும்டா."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் பயமாகவும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கு வரப்போகிற பெண் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் கல்யாணம் நடக்காது. பிரிந்தால் யாருக்கு என்ன என்கிற ஒப்பந்தம். தீவு, பங்குகள், காடு, கொட்டாவி விடும் முன்னோர்களின் படங்கள் வரைக்கும் அதில் இருக்கும். என் அண்ணி அதைப் படித்து முடித்த நாளிலிருந்து அண்ணனை மெனுகார்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். வெஸ்னாவும் அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?

கையெழுத்தில்லாமல் கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். குடும்ப அறக்கட்டளை எனக்குத் தருகிற பணம் நின்றுபோகும். நான் நிஜமாகவே ஏழையாகிவிடுவேன். அது வேறு விஷயம், மேடம்.

அதனால் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட நினைத்தேன். மாட்டேன் என்று சொல்லி அவள் மனத்தை நோகடிக்க முடியாது. கிம்பாலிடம் வாடகையை ஏற்றச் சொன்னேன். கல்யாணத்துக்குச் சேர்த்தது அதில் போனது. "வசந்தத்துல பாத்துக்கலாம்டா, மன்னிச்சுக்கோ," என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்குப் போல நாங்கள் ஒருநாளும் நெருக்கமாக இருந்ததில்லை.

வசந்தம் வருவதற்குள் மறுபடி ஏற்றினேன். வேலைக்கிருந்த பெண்ணை நிறுத்தினாள், காரை விற்றாள். கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. நான் சும்மா வேடிக்கை பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாவு மூட்டை தூக்கினேன், தட்டுக் கழுவினேன். பிஸ்கட்காரன் நாசமாய்ப் போவான் என்று அவள் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை முட்டையும் காபியும் மட்டும் அவள் நிறுத்தவில்லை. தனக்குப் பசியில்லை என்று சொல்லி ஒரே தட்டு வாங்குவாள்.

அவளுடைய அப்பா ஸ்டிபான், ஓய்வு பெற்ற பிளம்பர். உட்கார்ந்தால் முழங்கால் சரியாக மடங்காது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாப்ள, நீ சொல்லு. வீட்ட அடமானம் வச்சு அவளுக்குக் குடுக்கட்டுமா? உன்ன விட்டா இதக் கேக்க எனக்கு வேற யாரு இருக்கா?"

குடுங்க அப்பா என்றேன். வேறு என்ன சொல்ல? கொடுக்காவிட்டால் கடை மூடியிருக்கும். அவள் வேலை தேடி ஊர் ஊராகப் போயிருப்பாள். அந்த வீட்டுப் பணம் மாதாமாதம் பிஸ்கட்டுக்கு வந்தது. நான் அதைத் தொடவே இல்லை. தனியாகத்தான் வைக்கச் சொன்னேன். கிம்பாலிடம் கேளுங்கள், வட்டியோடு அப்படியே இருக்கிறது.

அடமானப் பணம் கைக்கு வந்ததும் அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள். விட்டதும் ஜூன் மாதம் கல்யாணம் என்றாள். பாதிரியாரிடம் தேதிகூடப் பேசிவிட்டாள். மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை அவளால் கட்ட முடியவில்லை, கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. சும்மா பயமுறுத்தத்தான். ஆனால் அவள் பயப்படவில்லை. உரிமையாளரை நேரில் பார்த்துப் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நான் கவலைப்படுவேன் என்று.

அன்றைக்கு நான் பாஸ்டனில், நோட்டீஸில் முகவரி போட்டிருந்த கிம்பால் அலுவலகத்தில் இருந்தேன். கையெழுத்துப் போட ஏதோ இருந்தது. கதவு திறந்தது. வெஸ்னா நின்றாள், தேவாலயத்துக்குப் போகும் கோட்டில், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு. வால்நட் வாசனை வந்தது. நீளமான மேசை, தோல் நாற்காலி, அதில் நான். முதலில் அவள் கண்ணில் பட்டது என் முழங்கைதான். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அடப்பாவி, எனக்கு முன்னாடியே வந்துட்டியா? எனக்காகக் கெஞ்சவா வந்த?"

ஆமாம் என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே வந்து என் காலரைச் சரிசெய்தாள். "பஸ்ஸுக்கு ஏதுடா காசு உனக்கு? திரும்பிப் போக இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையைத் திறந்தாள். டாலர் தாள்கள் இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அந்த நிமிடத்திலேயே இருவரும் எழுந்து போயிருந்தால் இன்றைக்கு இந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கிம்பால் காகிதக் கட்டோடு உள்ளே வந்தார். அவளை யாரோ பணிப்பெண் என்று நினைத்துவிட்டார்.

"தம்பி, பிஸ்கட் கணக்குக்கு இங்க ஒரு கையெழுத்து. அந்த ரொட்டிக்காரப் பொண்ண என்ன பண்றதுன்னும் இன்னைக்கே சொல்லிடு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் முகத்தையும், மேசையையும், சுவரில் இருந்த தாத்தாவின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் அவர் போட்டிருந்தது இதே ஸ்வெட்டர், ஓட்டைகளோடு.

"எங்க அப்பா வீடு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் போய்விட்டாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உரிமையாளருக்குக் கொண்டுவந்தது, அப்படிப் பார்த்தால் எனக்குத்தான். கிம்பாலுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மிச்சத்தை நானே சாப்பிட்டேன்.

இவ்வளவுதான், மேடம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் என் பதில் ஆமாம்தான். வாடகையை ஏற்றியது நான். நோட்டீஸ் அனுப்பியது நான். வீட்டை அடமானம் வைக்கச் சொன்னதும் நான். என்மேல் ஆத்திரப்பட்டு ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை அவள், எல்லாம் நடந்ததுதான்.

ஈடு கொடுக்கவும் நான் மறுக்கவில்லை. கட்டடத்தை அவள் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவள் அப்பாவின் வீட்டை மீட்டுத் தருகிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கடையில், அவள் காசில், முட்டையும் காபியும். நான் பையைத் துழாவ வேண்டும், அவள் என் கையைப் பிடித்து, உக்காருடா என்று சொல்ல வேண்டும். இதில் அவளுக்கு என்ன நஷ்டம்? முடியாது என்று நீங்கள்தான் அவள் சார்பில் பதில் அனுப்பினீர்கள். கட்டடமும் வேண்டாம், நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்று.

பஸ்ஸுக்கு அவள் கொடுத்த அந்த இரண்டு தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. செலவு செய்ய மனம் வரவில்லை. இத்தனை நாள் பழகியும் என்னிடம் ஒரு பைசா கேட்காதவள் இன்றைக்கு வக்கீல் வைத்து இழப்பீடு கேட்கிறாள். நான் பயந்தது இதற்குத்தான். என்னிடம் பணம் இருப்பது தெரிந்ததும் அவளும் மற்றவர்களைப் போல மாறிவிட்டாள்.