அமுக்கித் திருகுற மூடி

அந்தக் கட்டத்தை மட்டும் கடைசியா எழுதிக்கலாம் மேடம், கொஞ்சம் பொறுங்க. மத்ததெல்லாம்தான் சொல்லிட்டேனே. வயசு நாப்பத்தாறு, குழந்தைக்கு அத்தை. அப்பாவோட அக்கான்னே எழுதுங்களேன், வெறும் அத்தைன்னா நாளைக்கு உங்க சுகாதாரத் துறை ஆபீஸ்ல யாராவது எந்த அத்தைன்னு கேப்பாங்க. பாட்டில் மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா, அது ஒண்ணுதான் பாக்கின்னு சொல்றீங்க. சொல்றேன். ஓடியா போகப்போறேன்? அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் உசிரு படுத்திருக்கு, நான் எங்க போவேன்?

தண்ணி வேணாம் மேடம். நீங்க தப்பா நினைக்காதீங்க, பயந்தா சில பேருக்கு வாய் அடைச்சுக்கும், எனக்குத் திறந்துக்கும். சின்ன வயசுலருந்தே இப்படித்தான்.

அதோ, தண்ணி மெஷின் பக்கத்துல தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன்தான் என் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். இருபது மாடிக்கு மேல கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான், பயமே கிடையாது. இப்பப் பாருங்க, பிடிச்ச தண்ணியைக் குடிக்காமலே கீழ வச்சுட்டான். எதிர்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது அவன் பொண்டாட்டி. காலைலருந்து அவன் முகத்தைப் பாக்கல. ஆம்புலன்ஸ்ல ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. நீ மூடல, அவ்வளவுதான். அவன் என்னென்னமோ சொல்லிப் பாத்தான். மூடினேன்டி, டிக்குனு சத்தம் கேட்டுச்சுடி, சத்தியமா கேட்டுச்சுடின்னு. அவ காதுல விழல. நர்ஸம்மா நம்பல, ஆம்புலன்ஸ்காரர் நம்பல. நீங்களும் நம்பலைன்னு உங்க முகத்துலயே தெரியுது. அது உங்க தப்பு இல்ல. மூணே முக்கால் வயசுக் குழந்தையால அந்த மூடியைத் திறக்க முடியாதுன்னு உங்க டிபார்ட்மெண்டே எழுதிக் கொடுத்திருக்கே.

அவனைக் கெட்டவன்னு நினைச்சுடாதீங்க. பதினஞ்சு வருஷமா சிகரெட் குடிச்சவன், மக பொறந்த அன்னிக்குத் தூக்கி எறிஞ்சான். பிள்ளையைத் தூக்கும்போது சட்டையில நாத்தம் அடிக்கக்கூடாதாம். அப்புறம் பத்து நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி வீட்டுக்குள்ளயே நடந்தான். நம்ம ஊர்லதான் தடை, இந்த நாட்டுல கடையிலயே விக்குதுன்னு யாரோ சொல்லி இந்த வேப்பை வாங்கிட்டு வந்தான். பேனா மாதிரி இருக்குமே, அந்தக் கரண்ட் சிகரெட்டுதான். நானும் சரின்னுதான் சொன்னேன், நாத்தம் இல்ல, சாம்பல் இல்ல. அதுக்குள்ள ஊத்துற தண்ணியில இவ்வளவு விஷம் இருக்குன்னு அப்ப எனக்கும் தெரியாது. அது என்னமோ ஸ்ட்ராபெரி வாசனை வேற. விஷத்துக்கு எதுக்கு மேடம் மிட்டாய் வாசனை? சட்டம் போடுறவங்க அதைக் கேக்க மாட்டாங்களா? பேச்சுவார்த்தையில இருக்கா? இருக்கட்டும், நல்லா பேசட்டும்.

அந்தக் கதவு திறந்துச்சா இப்ப? இல்லையா? எனக்குத் திறந்த மாதிரி இருந்துச்சு.

ஆமா, அந்த மூடியைப் பத்தி எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னா, என் வேலையே அதுதான் மேடம். உங்க பேப்பர்ல வேலைங்கிற இடத்துல சோதனைக்கூட ஊழியர்னு எழுதினீங்களே, என்ன சோதனைன்னு கேக்கவே இல்லையே. மூடி. பதினோரு வருஷமா மூடி. மருந்து பாட்டில் மூடி, ஆசிட் பாட்டில் மூடி, போன வருஷம் உங்க புதுச் சட்டம் வந்ததும் இந்த வேப் தண்ணி மூடி. பிள்ளைங்களால திறக்க முடியாத மூடியான்னு பாக்கிறதுக்கு மெஷின் கிடையாது. பிள்ளைங்களைத்தான் உக்கார வைக்கணும்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நாலு வயசை ஒட்டின பிள்ளைங்க, நூறு பேர் வரைக்கும். ரெண்டு ரெண்டு பேரா தரையில உக்கார வச்சு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்போம். உள்ள வெறும் தண்ணிதான். இதைத் திறந்து காட்டுங்க பாப்போம்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும். ஐயோ, அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே! ஒண்ணு பாட்டிலைத் தரையில போட்டு இடிக்கும். ஒண்ணு பக்கத்துப் பிள்ளை பாட்டிலைப் பிடுங்கும். ஒரு வாண்டு என்னைப் பாத்து, உனக்கே திறக்கத் தெரியாதான்னு கேட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா சிரிக்கக்கூடாது மேடம், அதுதான் சட்டம். ஒரு பிள்ளை திறந்துட்டா சபாஷ் சொல்லக்கூடாது, கைதட்டக்கூடாது. மூஞ்சி கல்லு மாதிரி இருக்கணும்.

அஞ்சு நிமிஷம் முடிஞ்சும் திறக்கலையா, அப்ப நான் முன்னால போய் உக்காந்து ஒரே ஒரு தடவை திறந்து காட்டணும். வாயே பேசாம. அமுக்கி, திருகி, தூக்கி. அப்புறம் இன்னொரு அஞ்சு நிமிஷம். வேணும்னா பல்லால கடிச்சும் திறக்கலாம்னு நானே சொல்லணும். ஆமா மேடம், நானே! வீட்டுல பிள்ளை பல்லால கடிக்காதா என்ன? எல்லாத்தையும் பண்ண விட்டும் திறக்கலைன்னாத்தான் மூடி பாஸ். நூத்துல பத்துப் பன்னெண்டு பிள்ளை எப்படியும் திறந்துடும், அது பரவால்லன்னு விட்டுடுவாங்க. அந்தப் பத்துப் பன்னெண்டு பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளைன்னு இதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

இல்ல இல்ல, எங்க ஆளுங்க பிள்ளையைச் சோதனைக்குக் கூட்டிட்டு வரக்கூடாது. வேற பிள்ளையா இருந்தாலும் அதே மூடிக்கு ரெண்டாந்தடவை உக்கார வைக்கக்கூடாது. ஏன்னா கத்துக்கும். ஒரு தடவை பிடிபட்டுட்டா அந்தக் கைக்கு அது மறக்காது. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கோவிச்சுக்காதீங்க.

முன்னெல்லாம் தம்பி அந்தத் தண்ணியை பீரோவுக்கு மேல, பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுவான். சாவி அவன் கழுத்துச் செயின்லயே தொங்கும். அப்ப வந்த பாட்டில்ல சாதா மூடி, ஊதினாலே கழண்டுடும். போன மாசம் இந்தப் புது மூடி கடைக்கு வந்ததும் நான்தான் அவன்கிட்ட சொன்னேன், இனிமே இது போட்டதை மட்டும் வாங்குடா, நான் என் கையால சோதிச்ச மூடின்னு. கேட்டான் மேடம். அக்கா, அப்ப பூட்டணுமா வேணாமான்னு என்கிட்டதான் கேட்டான். நான் பெருமையா என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளைங்க கையில எத்தனை பாட்டிலைக் கொடுத்துப் பாத்தாச்சு, இதுக்குப் போய் எதுக்குடா பூட்டுன்னேன். அன்னிலருந்து அது வாஷ் பேசினுக்கு மேல, பிரஷ் டம்ளர் பக்கத்துல இருக்கு. ஸ்டூல் போட்டா எட்டுற உயரம். பல் தேய்க்க நம்ம பாப்பா தினமும் அந்த ஸ்டூல் மேல ஏறுறவதானே.

அவன் மேல கேஸ் போடுவாங்களா? குழந்தையைப் பிரிச்சு வேற எங்கயாவது கொண்டு போவாங்களா? நீங்க எழுதுறதைப் பொறுத்துன்னா, அப்ப அந்த ஒரு கட்டத்தைப் பொறுத்தா? மூடலைன்னு எழுதினா அவன் தலையில விழும். அவன் மறுக்க மாட்டான். இன்னும் ரெண்டு மணி நேரம் போனா, நான் மூடலைதான் போலன்னு அவனே நம்பிடுவான். ஏற்கெனவே கொஞ்சம் நம்ப ஆரம்பிச்சுட்டான். டிக்குனு கேட்டுச்சுன்னு அடிச்சுச் சொன்னவன், இப்பக் கொஞ்சம் முன்னாடி என்கிட்ட வந்து, கேட்ட மாதிரிதான்க்கா இருந்துச்சுங்கறான்.

மூடியிருந்துச்சு மேடம். எழுதிக்கோங்க. என் தம்பி மூடித்தான் வச்சிருந்தான்.

எப்படின்னு கேளுங்க, சொல்லத்தானே உக்காந்திருக்கேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, திறந்து காட்டுற வேலை எனக்குப் புதுசா வந்துச்சு. அதுவரைக்கும் ஓரமா உக்காந்து நேரம் குறிக்கிறவதான் நான். எங்க சூப்பர்வைசர், உங்க மூஞ்சியே காட்டிக் கொடுக்குது, கை ரொம்ப வேகமா போகுது, வீட்டுல பழகிட்டு வாங்கன்னு இதே மூடி போட்ட நாலு காலி பாட்டிலைக் கையில கொடுத்தாரு. கண்ணாடி முன்னாடி உக்காந்து பழகினேன், சரியா வரல. எதிர்ல ஒரு பிள்ளை இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. வீட்டுல ஒரு பிள்ளைதான் இருக்கே.

அத்தை ஆபீஸ் விளையாட்டுன்னு அவளே பேர் வச்சுட்டா. சாயந்திரம் நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள தரையில வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குவா, அந்தப் பிள்ளைங்களை விட ஒழுங்கா. நான் அமுக்குவேன், திருகுவேன், தூக்குவேன். அவ வாயைப் பிளந்து பாப்பா. முதல் நாள் முடியல. ரெண்டாம் நாளும் முடியாம அழுதா. கடிச்சுப் பாருடின்னு வேற சொன்னேன் மேடம். வரிசை மாறாம எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தேன். நாலாம் நாள் டிக்குனு திறந்துட்டா. ஆபீஸ்ல பதினோரு வருஷமா தட்டாத கையை அன்னிக்கு நான் தட்டினேன். தூக்கிச் சுத்தினேன். எங்க வீட்டுக் கெட்டிக்காரின்னு முத்தம் கொடுத்தேன். அவ அப்பா அம்மாகிட்ட சொல்லல. சும்மா காலி பாட்டில்தானே, இதுல சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். தம்பி பூட்டணுமான்னு கேட்டப்பவும் எனக்கு இது ஞாபகம் வரல. சத்தியமா வரல. நூறு பிள்ளைங்கதான் ஞாபகம் வந்துச்சு, என் பிள்ளை வரல.

எழுதிட்டீங்களா? நிறுத்தாதீங்க. இன்னும் இருக்கு.

டாக்டர் ரெண்டு தடவை வெளிய வந்து கேட்டாரு, குழந்தை அந்தத் தண்ணியை எப்பக் குடிச்சா, சரியான நேரம் தெரியுமான்னு. தம்பி பொண்டாட்டி எட்டே முக்காலுக்குத்தான் பாத்தா, பாத்ரூம் வாசல்ல குழந்தை வாந்தி எடுத்து விழுந்து கிடந்தா. அதனால எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கும்னு சொன்னா. டாக்டர் குறிச்சுக்கிட்டு உள்ள போனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். என் வாய் இப்ப உங்ககிட்ட ஓடுற மாதிரி அப்ப ஓடல.

காலைல நான் சமையல்கட்டுல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தேன். எட்டரைக்குக் குளிக்கப் போனாத்தான் எனக்கு பஸ், அதனால கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பாப்பா பின்னால வந்து நின்னா. அத்தை, திறந்துட்டேன்னா. குழாய்ல தண்ணி ஓடுது, எந்த பாட்டிலோ எந்த டப்பாவோன்னு நினைச்சேன். ஸ்ட்ராபெரி வாசனை கூட வந்துச்சு, தம்பி புகை விட்டுட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். கைதட்டு அத்தைன்னா. நான் திரும்பியே பாக்கல மேடம். ஈரக் கையோட தட்டினேன், கெட்டிக்காரின்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஓடிட்டா.

அப்ப மணி எட்டு இருபது. அந்தக் காகிதத்தை அப்படியே வச்சுட்டு முதல்ல உள்ள போய் டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க மேடம், எட்டே முக்கால் இல்ல, எட்டு இருபதுன்னு. மிச்சத்தை வந்து எழுதிக்கலாம்.