மெர்ல் வீட்டுப் புகைபோக்கி

உங்கள் மைத்துனி பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து விற்கப் போவதாகச் சொன்னீர்கள், மேடம். அவரை முதலில் நிலவறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சமையலறையில் நின்றுகொண்டு கனவு காண்கிறார்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, உத்தரம் தொய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் கீழே போனால்தான் தெரியும். அப்புறம் கூரை. இரண்டும் சரியாக இருந்தால் மீதி வெறும் பெயிண்ட் வேலை.

தெருவிலேயே அசிங்கமான வீடாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், ஆனால் தெரு நல்ல தெருவாக இருக்க வேண்டும். வாங்கிய வீட்டின் மேல் ஆசை வைத்துவிடக் கூடாது. டோலிடோவில் பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். இருபத்தாறு வீடுகள். அவற்றில் ஒன்றின் மேல்தான் ஆசை வைத்தேன். நீங்கள் விசாரிக்கிற வீடு அதுதான்.

செங்கல் வீடு. முன்பு அங்கே ஒரு கிழவர் பத்துப் பன்னிரண்டு பூனைகளோடு இருந்தார். ஏப்ரலில் நான் வாங்கியபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. ஓக் மரத் தரையை நானே முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தேன். சமையலறை டைல்ஸை ஒவ்வொன்றாக நானே பதித்தேன். ஆள் வைத்திருக்கலாம். மனம் வரவில்லை.

ஜூலையில் வெண்டல் வந்தார். புகைபோக்கி வேலைக்கு இந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயைக் கழற்றி, சின்னக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து மேலே பார்த்தார்.

"என்ன ரஸ், உள்ள பாதி செங்கல் இடிஞ்சு அடைச்சிக் கெடக்கு. குளிருக்கு ஹீட்டரப் போட்டா புகை மேல போகாது, வீட்டுக்குள்ளதான் திரும்பும். வாசனைகூட வராதுய்யா. தூங்கறவன் தூங்கிட்டே இருப்பான்."

"எப்ப சரி பண்றீங்க?"

"வர்ற வியாழக்கிழம. உள்ள ஒரு எஃகுக் குழாய எறக்கிட்டாப் போச்சு. ஒரு நாள் வேல."

சரி என்றேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை நான் விற்ற எந்த வீட்டிலும் எதையும் மறைத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்வைக்குத் திறந்து வைத்தேன். இருபது பேராவது வந்திருப்பார்கள். கிளெண்டா ஹார்ட்சாக் தன் கணவர் மெர்லோடு வந்தாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் மாடிவரை கேட்கும். சமையலறையில் டைல்ஸ் இடுக்கில் கட்டை விரலை வைத்துத் தேய்த்து, விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? இந்த மாதிரி ஆளுங்க பண்றது பொணத்துக்குப் பவுடர் பூசற வேல. மேல பளபளன்னு இருக்கும், உள்ள என்ன செத்துக் கெடக்கோ."

சிலர் சிரித்தார்கள். மெர்ல் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா இரு கிளெண்டா. தரைய எவ்வளவு பாந்தமா இழைச்சிருக்காரு, அதப் பாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன தம்பி, மூஞ்சி செவக்குது? மாட்டிக்கிட்டியா?"

வீடு விற்கிறவன் வாங்க வருகிறவர்களிடம் வாய் கொடுக்கக் கூடாது. உங்கள் மைத்துனிக்கு இதையும் சொல்லுங்கள்.

முன்னறையில் விழும் வெளிச்சம் மெர்லுக்குப் பிடித்துப்போனது. செவ்வாய்க்கிழமை விலை பேசி முடித்தோம். புதன்கிழமை வெண்டலுக்கு போன் செய்தேன். வீடு விற்றுப்போய்விட்டது, வாங்குகிறவர்கள் தங்கள் ஆளை வைத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொள்வார்களாம், நீங்கள் வர வேண்டாம் என்றேன். அவருக்கு அது அன்றாடம் கேட்கிற பேச்சு. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

வாங்குமுன் வீட்டைப் பரிசோதிக்க அவர்கள் வைத்த ஆய்வாளர் ஒழுங்கானவர். புகைபோக்கியின் உட்புறம் தனக்குத் தெரியவில்லை, அதற்கென்று உள்ளவரை வைத்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கிளெண்டா என்னைக் கூப்பிட்டாள்.

"புகைபோக்கிய யார் பாத்தது?"

"வெண்டல் பாத்தாரு மேடம்."

"அந்த வெண்டலா? அவரு நல்ல மனுஷனாச்சே. அப்ப சரி."

வெண்டல் பார்த்தது உண்மைதானே. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அதன் பிறகு அவளிடமிருந்து வாரம் ஒரு பட்டியல் வரும். அலமாரிக் கதவு கிரீச்சிடுகிறது, குழாய்ப்பிடி தளர்கிறது, வாசல்படி ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே என்னைத் திருடன் என்று ஒரு வரி. படுக்கையறைக்கு வெளியே நான் மாட்டியிருந்த விஷவாயு அலாரமும் ஒரு பட்டியலில் வந்தது. அந்த வெள்ளை டப்பா கண்ணை உறுத்துகிறது, வந்து எடு, துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடு என்று எழுதியிருந்தாள். மற்ற வேலைகளுக்கெல்லாம் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் அன்றைக்கே செய்துகொடுத்தேன். எங்கே துளை இருந்தது என்று இப்போது உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஆட்களாலும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அக்டோபர் இருபதாம் தேதி மெர்ல் படுக்கையில் இறந்து கிடந்தார். கிளெண்டா அப்போது ஊரில் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள்.

மெர்ல் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, மேடம். என் வேலையை வாய்விட்டு மெச்சிய ஒரே மனிதர் அவர். இது முழுக்க அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் இடையில் இருந்த விஷயம். உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று இருபது பேர் முன்னால் சொன்னது அவள். சொன்னபோது அந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை. வியாழக்கிழமை சரிசெய்ய நாள் குறித்த ஒரு பழுது மட்டும்தான் இருந்தது. அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

பதினேழாம் தேதி நான் அந்த வீட்டு முற்றத்தில் நின்று மெர்லோடு பேசிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். உண்மைதான். முதல் குளிர் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வழியில் வண்டியை நிறுத்தினேன். ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்து வழிந்தன. ஹீட்டரின் புகை வெளியே போகாவிட்டால் அப்படி ஆகும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது பார்த்ததுமே தெரியும். மெர்ல் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தை ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளா தலைய வலிக்குதுப்பா ரஸ். வாந்தி வர்ற மாதிரியே இருக்கு. ராத்திரி ஜன்னலத் தெறந்து வெச்சுப் படுத்தா காலையில கொஞ்சம் தேவல. எதனால இருக்கும்?"

"பழைய வீடுங்க. குளிர்காத்து உள்ள வந்தா அப்படித்தான் தலைய வலிக்கும். ஜன்னல நல்லா இறுக்கிச் சாத்திட்டு, ஹீட்டரக் கொஞ்சம் கூட்டி வெச்சுப் படுங்க."

அவர் கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார். ரொம்ப நன்றிப்பா என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிளெண்டா மறுநாள் காலையில் கொலம்பஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வர ஒரு வாரம் ஆகும் என்று, நான் ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கு முன்பே மெர்ல் சொல்லியிருந்தார்.