வீட்டுக்கு வந்து போன டீச்சர்

மாலை ஆறே முக்கால். மார்கழி மாதம். பேரணாம்பட்டு பஸ் ஒரே ஒருத்தியை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் டேனரி மதில், நடுவே மண் ரோடு. இருந்த ஒரே தெருவிளக்கும் எரியவில்லை. சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த அந்த வாடை... உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கினவள் என் தோழியின் அக்கா. எழிலரசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கௌசர், பேனாவை மூடு. ஜாஸ்மின், நீயும்தான். என் பழைய ரெக்கார்டு நோட்டு வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரிக்கிறீர்கள். நாளை மறுநாள் தேர்வாளர் வருகிறார், பிள்ளையின் பேரை மட்டும் மாற்றி எழுதிவிடலாம், அதுதானே திட்டம்? எனக்குத் தெரியாதா உங்களை! கரண்ட் வரும்வரை இதைக் கேளுங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் தருகிறேன்.

எழிலரசியும் உங்களைப் போல பி.எட். படித்தவள்தான். கற்பித்தல் பயிற்சிக்கு அந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் போட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு, கணக்கு. முதல் வாரம் குரலே எழும்பவில்லை. சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. 'ட்ரெயினிங் டீச்சர்தானே' என்று கடைசி பெஞ்சு சிரித்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

இரண்டாம் வாரம் மைனஸ் எண்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்றால் ஒரு பிள்ளையும் நம்பவில்லை. எழிலரசி போர்டில் ஒரு கிணற்றை வரைந்தாள். தண்ணீர் நிற்கிற இடம் பூஜ்ஜியம். மேலே ஏறினால் ஒன்று, இரண்டு. சரி, தண்ணீருக்குள் இருக்கிற படிக்கு என்ன எண்?

ஜன்னல் ஓரம் முதல் பெஞ்சில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள்.

"மைனஸ் டீச்சர்! உள்ள முழுகிப் போன படி மைனஸ்!"

பெயர் பெர்சிஸ். அந்த ஒரு சத்தத்தில் எழிலரசிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம். தனக்கும் பாடம் நடத்த வரும் என்று அவளுக்கு முதன்முதலாகத் தெரிந்த நாள் அது.

அதற்கப்புறம் பெர்சிஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தாள். எழிலரசி கூப்பிட்டுக் கேட்டாள்.

"அம்மா ஷூ கம்பெனிக்குப் போய்ட்டா தம்பிய நான்தான் பாத்துக்கணும் டீச்சர். நீங்க ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, பால்வாடில வுட்டுடுவாங்க. டீச்சர் சொன்னா அம்மா கேக்கும்."

"வர்றேன்" என்றாள் எழிலரசி.

அடுத்த வாரம் பெர்சிஸ் மறுபடி கேட்டாள். "கண்டிப்பா வர்றேன்டா." மூன்றாம் தடவை கேட்பதற்குப் பெர்சிஸ் பள்ளிக்கூடமே வரவில்லை.

ஏன் போகவில்லை என்கிறீர்களா? பெரிய காரணம் ஒன்றுமில்லை. வாடை. தெரு நாய்கள். பள்ளி விட்டதும் வருகிற பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பயிற்சியின் கடைசி நாள் தனியாள் ஆய்வு வந்தது. நீங்கள் காப்பியடிக்கத் துடிக்கிறீர்களே, அதே பக்கம். சிக்கலில் இருக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பேசி, என்ன மாற்றம் வந்தது என்று எழுத வேண்டும். எழிலரசி ஹாஸ்டல் கட்டிலில் சாய்ந்துகொண்டு, முறுக்கு தின்றுகொண்டே எழுதினாள். வீட்டுக்குப் போன நாளாக அன்றைய தேதியையே போட்டாள், இனிமேல் வர வேண்டிய மாற்றத்தையும் சேர்த்தே எழுதிவிட்டாள். பதினான்கு.

'மாலை மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். தாய் வேலையிலிருந்து திரும்பவில்லை. தொட்டிலில் தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். மாணவி கடுங்காப்பி தந்தாள். அவளிடம் நெடுநேரம் பேசினேன். இப்போது தவறாமல் பள்ளிக்கு வருகிறாள்.'

தாய் இல்லை என்று எழுதியது ஏன் தெரியுமா? பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டாமே. அத்தனை சாமர்த்தியம்.

இரண்டு வாரம் கழித்து, கல்லூரியில் மேடம் அந்தப் பக்கத்தை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. கை தட்டினார்கள். எழிலரசி எழுந்து நின்று சிரித்தாள்... சிரித்தாள், ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயந்திரம் பஸ் ஏறிவிட்டாள். இன்றைக்காவது போய், அந்த அம்மாவிடம் பேசிவிட்டால், எழுதினது பொய்யாக இருக்காது என்று ஒரு நினைப்பு.

அதுதான் அந்த ஆறே முக்கால்.

மண் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பாள். நாய்கள் வந்தன. நான்கு. அவள் உறைந்து நின்றாள். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. பக்கத்தில் வந்து அவள் செருப்பை மோந்தன. வாலை ஆட்டின. பழகின ஆளைப் பார்த்தால் எப்படி ஆட்டுமோ, அப்படி. பிறகு முன்னால் நடந்தன. யாரையும் வழி கேட்காமலே, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தின.

கதவைத் திறந்தது பெர்சிஸின் அம்மா. கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் வந்திருக்கிறாள், கையெல்லாம் ஷூ ஒட்டுகிற பசை வாடை. உள்ளே சுவரில் பெர்சிஸ் போட்டோ. அதன் முன்னால் ஒரு மெழுகுவத்தி.

"வாங்க டீச்சர். அன்னிக்கு வந்தப்ப நான் இல்லாமப் போய்ட்டேன்."

எழிலரசிக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டோவையே பார்த்தாள்.

"பதினாலாம் தேதி வந்தீங்களாமே. புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். நான் வந்து பாத்தா மூஞ்செல்லாம் சிரிப்பு. 'டீச்சர் வந்தாங்கம்மா, கடுங்காப்பி போட்டுக் குடுத்தேன், நாளைலேர்ந்து தவறாம வரச் சொன்னாங்க'ன்னிச்சி. அந்த ஜொரத்தோட யூனிபாரம் தொவைச்சிப் போட்டுச்சி டீச்சர். விடிகாலைல ஜாஸ்தியாயிடுச்சி. வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள..."

தொட்டிலில் அந்தத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கயிறு மட்டும் கிர்ர்... கிர்ர்... என்று ஆடியது.

"நீங்க வரலன்னா ஏங்கிப் போயே செத்திருக்கும். நீங்க நல்லா இருக்கணும்." அந்த அம்மா இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அங்கே சொல்லியிருக்க வேண்டும். நான் வரவில்லை அம்மா, அது பொய், என்று. வாயைத் திறந்தாள். தலையை ஆட்டினேன். ஆமாம், வந்தேன் என்று... அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

"அக்கா... 'ஆட்டினேன்'னு சொல்றீங்க?"

ஆமாம் கௌசர். என் தோழிக்கு அக்காவே கிடையாது.

நான்தான். வேறொருத்தி பேரைச் சொன்னால் லேசாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. பயமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். பயமில்லை, அவமானம். பதினான்காம் தேதி நான் முறுக்கு தின்றுகொண்டிருந்த நேரத்தில் யாரோ அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் பேச வேண்டியதைப் பேசியிருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறார்கள். டீச்சர் என்றால் அதுதான் டீச்சர். நான் மார்க் வாங்கினவள், அவ்வளவே.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நீங்க திருத்துனது. நீங்களே வெச்சிக்கோங்க டீச்சர். எனக்குப் பாக்கப் பாக்க தாங்கல."

கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தில் கிணறு, படிகள், தண்ணீருக்குள் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் டிக். 'தவறாமல் பள்ளிக்கு வருகிறாள்.' கீழே தேதி, கையெழுத்து. என் கையெழுத்து. யாரும் பார்த்து எழுதினது போல இல்லை. நானே போட்டது போல இருந்தது.

மீதி எல்லாம் வெள்ளைப் பக்கம். பஸ்ஸிலேயே எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஜனவரி முடிவில் எடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து. ஆறு பக்கத்தில் கணக்கு போட்டிருந்தது. பெர்சிஸின் குண்டு குண்டான எழுத்து. ஒவ்வொன்றும் திருத்தியிருந்தது. மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லி மார்க்கைக் குறைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அந்த அம்மாவிடமும் இன்றுவரை சொல்லவில்லை. ஜூன் மாதம் பார்த்தபோது விகிதமுறு எண்கள் ஆரம்பமாகியிருந்தது. எட்டாம் வகுப்பின் முதல் பாடம். பிள்ளை பாஸாகிவிட்டாள்.

என் ரெக்கார்டு அந்த அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லையே, ஏன்?

கௌசர், செல் டார்ச்சை இப்படிக் காட்டு. இதோ, அந்தக் கணக்கு நோட்டு, தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி இந்தப் பக்கம் காலி. என்னிடம் சிவப்புப் பேனாவே கிடையாது, அதுவும் உங்களுக்குத் தெரியும். கீழே என்ன தேதி போட்டிருக்கிறது, படி.

"இன்னிக்குத் தேதிக்கா..."

தொடாதே ஜாஸ்மின். மை இன்னும் காயவில்லை.