தொட்டிக் கீரை

வள்ளைக்கீரைக்கு நல்ல வெயில் வேண்டும் மேடம். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில், தண்ணீரிலேயே படர்ந்து அப்படி வளரும். வளர்த்தவள் லோகப்பிரியா, என் கொழுந்தனாரின் மனைவி. அதற்கு முன்னால் அந்தத் தொட்டியில் என் தாமரை இருந்தது. நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "பூவத் திங்க முடியுமாங்க அக்கா?" என்று சிரித்தாள். வீடே சிரித்தது, என் கணவரும்தான். நானும் சிரித்துவைத்தேன்.

கீழே எங்கள் பிளேட்டிங் பட்டறை. முலாம் பூசி முடித்த கழிவுத் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வைத்திருப்போம். அது பட்ட புல்லை மேய்ந்தால் ஆடுகூடப் பிழைக்காது என்று கணவர் ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கீரை கருகட்டும் என்றுதான் ஒரு சொம்பு ஊற்றினேன். கருகவில்லை. முன்னைவிடத் தளதளவென்று வந்தது. எரிச்சலாக இருந்தது. அப்புறம் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கொஞ்சம் ஊற்றினேன்.

பறித்ததும் முதல் கீரைக்கட்டை மூத்தவள் என்று எனக்குத்தான் கொண்டுவருவாள். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை. "நல்லா வந்திருக்குது அம்மணி" என்று வாங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு எருமைக்குப் போடலாம் என்று ஒருமுறை எடுத்துப் போனேன். வாயில்லா ஜீவன், பாவம். திரும்பி வந்து, எப்போதும்போலக் குப்பையில் போட்டேன்.

அவர்கள் அடுப்பு தனி, கொழுந்தனாருக்குக் கீரையே ஆகாது. அவள் மட்டும் தினமும் தின்றாள். வாந்தி, கால் வீக்கம். ஆஸ்பத்திரியில் கிட்னி என்றார்கள், காரணம் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தவளால் எழுந்து நிற்க முடியவில்லை. "ஒடம்புல ரத்தமே இல்லீங்க அக்கா. நம்ம தொட்டிக் கீரைய நீங்களே கடைஞ்சு குடுத்துப்போடுங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். படுத்திருப்பவள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள், எப்படி மறுப்பது? பூண்டு தட்டிப் போட்டு, நெய் விட்டு, குழையக் கடைந்தேன். சோற்றில் பிசைந்து ஊட்டியும் விட்டேன். அதுதான் அவள் கடைசியாகச் சாப்பிட்டது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு குறைதான். எப்போதும் ருசி பார்த்துத்தான் இறக்குவேன், அன்றைக்குப் பார்க்கவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்றாள்.