குஷாய்குடா வீட்டின் சாவி

தொலைந்த பூனை அதிக தூரம் போவதில்லை. நான்கைந்து வீடு தள்ளி, காருக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ பயந்துபோய் உட்கார்ந்திருக்கும். தேடுகிறவர்கள்தான் மெயின் ரோடு வரை ஓடிவிட்டு அழுதுகொண்டு திரும்புவார்கள்.

என் பெயர் பத்மஜா. வயது அறுபத்தொன்று. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். சைனிக்புரிக்கு வந்த ஒன்பது வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பூனைகளை வீடு சேர்த்திருக்கிறேன். தெருப் பிள்ளைகள் என்னை பில்லி ஆன்ட்டி, பூனை ஆன்ட்டி, என்பார்கள். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். தெலுங்கில் மாற்றிக்கொள்வது உங்கள் வேலை.

அபிகாயில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது தன் அப்பா ரூஃபஸ் சாரையும் பிஸ்தா என்ற பூனையையும் கூட்டிவந்தாள். அதுவரை சார் பக்கத்து ஏரியாவான குஷாய்குடாவில் தான் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். மறதி நோய் முற்றியதால் அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஒரே மாதத்தில் பிஸ்தா காணாமல் போனது. குஷாய்குடா வீட்டு வாசலிலிருந்து நான் தூக்கிவந்தேன். மறுபடியும் போனது, மறுபடியும் தூக்கிவந்தேன். மூன்றாம் தடவை, அதன் வீடு அதுதான், அங்கேயே விட்டுவிடு, நான் போய்ச் சோறு வைக்கிறேன் என்றேன். அபிகாயில் உடனே ஒப்புக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாரும் அதையேதான் கேட்டார். கேட் திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். பதினோரு முறை பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரமாயிடுச்சும்மா, என்னை வீட்டுல விட்டுடுங்க," என்பார். அவரையும் அங்கேயே விட்டுவிடு என்று மகளிடம் சொன்னேன்.

"நக்கோ ஆன்ட்டி, வேண்டாம். பூனையும் அப்பாவும் ஒண்ணா?" என்றாள்.

கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். பகலில் அவருக்குச் சாப்பாடு கொடுப்பது நான் என்பதால் அந்தச் சாவியையும் என்னிடமே கொடுத்தாள். பெற்றவரைப் பூட்டி வைத்தவளை யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைக்கவில்லை.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாரை ஆட்டோவில் அழைத்துப் போனேன். குஷாய்குடா வீட்டு வாசலில் இறங்கியதும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். சைனிக்புரி வீட்டில் ஒருநாளும் அவர் அப்படிக் கழற்றியதில்லை. நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இடம் மாறி வந்த பூனையை மூன்று நாள் ஓர் அறையில் அடைத்து வைக்க வேண்டும். கத்தும். இரக்கப்பட்டுத் திறந்தால் அத்தனையும் வீண். பின்னறையில் பிரட், வாழைப்பழம், இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டினேன். கரண்ட் கிடையாது. பக்கத்து மனையில் கட்டட வேலை, ஒரே சத்தம்.

சைனிக்புரி வீட்டுக் கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன், சாரைக் காணோம் என்று அபிகாயிலிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. குஷாய்குடாவில் நான் பார்த்துவிட்டேன், அங்கே இல்லை என்றேன். நம்பினாள். பூனைகளுக்கு அடிப்பது போலவே படம் போட்டு நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். காச்சிகுடா ரயில்வே ஸ்டேஷன் வரை அவளோடு அலைந்தேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள். மோர் வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாள்தானே, பிறகு தெளிந்த அப்பாவைக் காட்டினால் தானே புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தேன். நீங்கள் பார்த்த அதே இடத்தில்தான், கதவோரம் கிடந்தார். பாட்டில் மூடியைத் திருகித் திறக்க அவருக்குத் தெரியவில்லை. பூனைக்கென்றால் கிண்ணத்தில் ஊற்றி வைப்பேன். மனிதர் என்பதால் பாட்டிலோடு வைத்தேன். அந்த ஒன்றை மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் ஒருமுறையாவது போய்ப் பார்த்தேனா என்று கேட்டீர்கள். போனேன். புதன்கிழமை பிற்பகல் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். மகளின் பெயரைக்கூட மறந்துபோயிருந்தவர் உள்ளேயிருந்து, "பத்மஜாம்மா, கதவத் திறங்க," என்றார். என் பெயரை, பிசகில்லாமல், மூன்று தடவை. வீடு வந்த ஒரே நாளில் அவ்வளவு தெளிந்திருந்தார். இன்னும் இரண்டு நாளில் முழுக்கக் குணமாகிவிடும் என்று, சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.