கசப்பில்லாத விதை

காட்டாமணக்கை ஆடுகூடத் தொடாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். உணவுப் பயிரிலிருந்து எரிபொருள் எடுத்தால் யாரோ ஒருவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். இது தரிசில் வளரும். விதையின் எண்ணெயில் லாரி ஓடும். மரபணுவை மாற்றி எண்ணெயைக் கூட்டுவதும், பிண்ணாக்கை மாட்டுக்குப் போடும்படி விதையின் நஞ்சை நீக்குவதும் என் வேலை.

ஒன்பது வருடத்தில் எட்டு ரகங்கள் தோற்றன. "அந்தச் செடியையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று கேலி செய்வதைக்கூட என் மனைவி நிறுத்திவிட்டாள். ஒன்பதாவது ரகத்தில் எண்ணெய் இரண்டு மடங்கானது. அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: நஞ்சு நீங்கியதற்குச் சான்று இல்லையென்றால் ஆய்வுக்கூடம் மூடப்படும். அளக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. எலிக்கூண்டுகளை முன்பே எடுத்துப் போயிருந்தார்கள். வெளியே கொடுத்தால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். என்னிடம் பதினொரு நாள் இருந்தது.

வயலைப் பார்த்துக்கொண்டவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்தவர். ஒரு விதையை உடைத்து, பருப்பை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"கசக்குதான்னு மட்டும் சொல்லுங்கக்கா."

"இது விஷமாச்சே தம்பி?"

"அதெல்லாம் எடுத்தாச்சு."

மென்றார். "கசப்பே இல்ல. பாதாம் மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு குடுங்க."

சந்தோஷத்தில் உடனே இன்னொரு விதையை உடைத்தேன். கசப்பு போனதால் நஞ்சும் போய்விட்டதென்று அர்த்தமில்லை. அது எனக்குத் தெரியும். ஒரு விதையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பதும் தெரியும். அதனால் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் பதினான்கு.

நீயே தின்றிருக்கலாமே என்று இந்த விசாரணையில் கேட்பீர்கள். நியாயம்தான். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வேலையை முடிக்க வேறு ஆளில்லை.

ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தார். நானே வண்டியோட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "விஷம்னா உடனே வயித்தக் கழுவணும். நேரமில்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் சாப்பிடலம்மா" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. விதை என்று சொல்லியிருந்தால் மறுநாளே வயலை எரித்திருப்பார்கள். இப்போது எப்படியும் எரித்துவிட்டீர்கள்.

மறுநாள் மதியம் அக்கா போய்விட்டார். அதுவரை நான் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. கால் மணிக்கு ஒரு தரம் நாடி பிடித்து நோட்டில் குறித்துக்கொண்டேன். கூடவே இருந்த அவருடைய தங்கை, "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான்" என்று அழுதாள்.

அந்த நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் 'ரகம் ஒன்பது, பதினான்கு விதை' என்று மட்டும் இருக்கும். அவர் பெயர் இருக்காது. அவ்வளவு வேண்டியவரின் பெயரை அப்படியொரு பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.