விழுந்து புரண்டு சிரிக்க ஓர் அத்தியாயம்

உங்கள் ஸ்டேஷன் சாயாவில் ஏலக்காய் தட்டிப் போடுகிறார்கள், நல்ல பழக்கம். நான் நின்றுகொண்டே பேசுகிறேன் சார். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. பதிப்பாசிரியரின் பதிலுக்குக் காத்திருக்கத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நகைச்சுவை நாவல் எழுத நினைத்தேன். சென்னையில் ஒரு பதிப்பகம் அப்படி ஒன்றைத் தேடுவதாகத் தெரிந்ததும், கதைச் சுருக்கத்தோடு முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். என் அண்ணன் மகன் சாய்கிருஷ்ணா கலூரில் பஸ் ஏறி, தூங்கிப்போய், கொச்சியின் மறுகோடியான இடக்கொச்சியில் இறங்கி அழுதுகொண்டு நின்ற கதை. அது தானாக நடந்தது. அண்ணனுக்கும் மன்னிக்கும் காக்கநாட்டில் வேலை. பள்ளி விட்டால் அவன் மட்டாஞ்சேரியில் என் வீட்டில்தான் இருப்பான்.

பதிப்பாசிரியர் சுதர்ஷன் போன் செய்தார். "செம காமெடி மேடம். இதே மாதிரி இன்னும் வேணும்."

தானாக நடக்க நாளாகும். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன், போனைப் பார்த்தேன், மறுபடி நடந்தேன். அவனோ ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே கொஞ்சம் உதவினேன். வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு எல்லோரும் வேஷம் போட்டு வருகிறார்கள் என்று சொன்னேன். வயிற்றில் தலையணை கட்டி, ஓலைக்குடை பிடித்து, ஓணத்து மாவேலி ராஜாவாகப் போனான். மற்றவர்கள் ஜீன்ஸில் இருந்தார்கள். திரும்பி வரும்போது வழியெல்லாம் சுற்றுலாக்காரர்கள் அவனைப் படமெடுத்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, எல்லோரும் சிரித்தபோது என்ன தோன்றியது என்று கேட்டேன். சூடு ஆறுவதற்குள் கேட்டால்தான் எழுத்தில் சரியாக வரும்.

எழுதியதை அவனுக்கே வாசித்துக் காட்டினேன்.

"அத்தை, இது நான்தானே?"

"பேரை மாத்தியாச்சேடா."

தாளை வாங்கி மடித்துத் தந்தான். "சாரமில்லை, பரவாயில்லை அத்தை. எங்க கிளாஸ்ல ஆருக்கும் தமிழ் வாசிக்க அறியாது."

சம்மதம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

சுதர்ஷன் எல்லாவற்றுக்கும் சிரித்தார். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் சிரிக்கவில்லை. "சப்புன்னு இருக்கு மேடம். பசங்க விழுந்து புரண்டு சிரிக்கணும். அது வந்துட்டா புத்தகத்தை எடுத்துக்கலாம்."

பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய படகுத்துறை இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை. எந்தப் பலகை உளுத்தது என்று முன்னதாகவே போய்க் காலால் அழுத்திப் பார்த்துவிட்டேன். அட்டைக்குப் படமெடுக்கலாம் என்றதும் அவன் கல்யாணங்களுக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நெஜமாவே புஸ்தகத்துல என் படம் வருமா அத்தை?"

"வரும். இன்னும் கொஞ்சம் பின்னாலே போ."

போனான். பலகை முறிந்தது. அவனுக்கு நீந்தத் தெரியாது, அது எனக்குத் தெரியும். நீந்தத் தெரிந்தவன் விழுந்தால் பேசாமல் ஏறி வந்துவிடுவான், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கை எப்படிப் போகிறது, முகம் எப்படி ஆகிறது, அதையெல்லாம் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டிருந்தேன். காயல் நீர் கடலுக்கு வடியும் நேரம், இழுப்பு அதிகமாக இருந்தது.

கிடங்கில் மூட்டை ஏற்றும் இசக்கிராஜா சத்தம் கேட்டுக் கயிற்றோடு ஓடி வந்தார். "அக்கா, பையன் தண்ணிக்குள்ள கெடக்கானே."

"அவனுக்கு நீந்தத் தெரியும்," என்றேன். "விளையாடறான். நீங்க போங்கோ."

அவர் தயங்கினார். நான் சிரித்தேன். அதைப் பார்த்துத் திரும்பிப் போனார். அவரிடம் கோபப்படாதீர்கள் சார், அவர் போகாவிட்டால் எனக்கு அந்தக் கடைசிக் கொஞ்சம் கிடைத்திருக்காது. பிறகு நானே அவரைக் கூப்பிட்டேன். அதற்குள் தண்ணீரில் யாரும் இல்லை.

அவன்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அன்று சாயங்காலமே அத்தியாயத்தை எழுதி அனுப்பிவிட்டேன். சுதர்ஷன் இன்னும் பதில் போடவில்லை. போனை உங்கள் ஆட்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஒருமுறை பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும். அதில் பையன் தலையில் பாசியோடு கரையேறி வருகிறான். துறையில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அவனும் சேர்ந்து சிரிக்கிறான். நான் எழுதியதில் ஒரு குறையும் இல்லை சார். அவன்தான் ஒத்துழைக்கவில்லை.